மழை நாளின் அளவீடுகள்

பூங்கொடி காலமான செய்தியை அவருடைய தம்பி மலைமேலுள்ள அவர்கள் ஊரான வளப்பூர் நாட்டிலிருந்து அழைத்துச் சொன்னபோது, நான் ஆய்வகத்தில் சிலிக்கான் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க. நீங்க வந்துருங்க" என்றார். நோய் முற்றியிருந்தது தெரியும். ஆனாலும் குழாயை மூடத் தோன்றாமல் நின்றேன்.

பதினோரு ஆண்டுகள் நாங்கள் ஒரே அறையில் வேலை செய்தோம். இரண்டு பரப்புகள் அணுக்களின் அளவில் உரசும்போது என்ன நடக்கிறது என்பதே எங்கள் ஆய்வு. ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பலாப்பழம் அறுக்கக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டே அவர் அம்மா, "ரெண்டு பேரும் அங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார்.

"இதையேதாம்மா. எண்ணெய் தடவினா பால் ஒட்டமாட்டேங்குதே, அது எப்படின்னு பாக்கறோம்" என்றார் பூங்கொடி.

"அதுக்கா இத்தனை படிப்பு, கண்ணு?"

"எத்தனை மெல்லிசாத் தடவினாப் போதும்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியலையேம்மா."

அவருடன் நெருங்கிப் பழகியவர்களுக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உராய்வைக் குறைக்கும் ஒரு மெல்லிய பூச்சைப் பற்றிய எங்கள் கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டிருந்தது. என் வேலை நிரந்தரமாவது அதைப் பொறுத்திருந்தது. அப்போது மழை பிடித்தது. அதே தகடுகளில் உராய்வு பல மடங்கு ஏறியது. அந்த நாட்களின் அளவீடுகளை விட்டுவிடலாம் என்றேன்.

"மழை நாளும் நாள்தானுங்க" என்றவர், இரண்டு வாரம் உராய்வை அளக்கும் கருவியை விட்டு எழவில்லை. பூச்சில் நுண்ணிய இடைவெளிகள் இருந்தன; காற்றின் ஈரம் அங்கே படிந்தது. சாலையில் நம்மை வழுக்கிவிடும் தண்ணீர், அந்த அளவில் கருவியின் ஊசிமுனையைப் பிடித்து இழுக்கும் பசையாகிவிடுகிறது.

சரியாகக் கழுவாத தகட்டில் பூச்சு முழுதாக ஒட்டாது; அவற்றை அவசரமாகக் கழுவியவன் நான். அது அவருக்குத் தெரியும். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில், "தகடுகளைச் சரிபார்க்காமல் விட்டது என் தவறு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். நானோ ஒரு மாதம் அவரோடு பேசாமலிருந்தேன்.

ஒரு காலையில் என் மேசைக்கு வந்து, "ஏனுங்க, கோவம் தீர்ந்துச்சுன்னா வாங்க, கழுவுற முறையை மாத்திப் பாக்கலாம்" என்றார். அடுத்த மழைக்காலம் முழுவதும் பூச்சு தாங்கியது. ஓராண்டு தாமதமாக என் வேலையும் நிரந்தரமானது.

அடக்கத்துக்கு மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலையில அவகிட்ட ஏதாச்சும் குறை இருந்துச்சாங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. குறை எங்கிட்டத்தான் இருந்துச்சு" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. பிழை நேர்ந்தால் யாரும் கேட்பதற்கு முன்பே என் பெயரைச் சொல்லிவிடுவது: பூங்கொடியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.