கை போனதை எழுதாத கடுதாசி

அரியலூர் பக்கத்துல ஒரு சிமெண்ட் ஆலையில எங்க வூட்டுக்காரருக்கு வேலை. பெல்ட்டுல மாட்டி வலது கையில நாலு விரல் போயிடுச்சு. புண்ணு ஆறினதும், இந்தக் கையை வச்சுக்கிட்டு இனிமே முடியாதுன்னு வேலையை விடுறதா இருந்தார். அந்த நேரம் பார்த்து எங்க பொண்ணுக்கு தா.பழூர்லேருந்து வரன் வந்திருந்துச்சு. "வேலையை விடுற கடுதாசியில கை போனதையெல்லாம் எழுதாதீங்க, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. சொந்த விருப்பத்துல விவசாயம் பார்க்கப் போறேன்னு எழுதுங்க"ன்னேன். பெரிய புத்திசாலி நான்! அப்படியே எழுதிக் குடுத்துட்டு வந்தார். அதுலேருந்து வெளியில போனா கையைத் துண்டுக்குள்ள வச்சுக்குவார்.

எனக்குக் கிட்னி ரெண்டும் கெட்டு, வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். அவரோட ஈஎஸ்ஐ கார்டுலதான் நடக்குது; வேலையை விட்டதால அதுவும் சீக்கிரம் முடியப்போகுது. வேலையில அடிபட்டு ஊனமாகி வேலையை விட்டவங்க வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினா, ஓய்வு வயசு வரைக்கும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வைத்தியம் ஓடும்னாங்க. ஈஎஸ்ஐ ஆபீசுக்கு ஓடினோம். கவுண்டர்ல இருந்த அம்மா கடுதாசியைப் படிச்சுட்டு, "விவசாயம் பார்க்கப் போனதாத்தானே இருக்கு? அடிபட்டதால நின்னார்னு கம்பெனி எழுதித் தரணுமே"ன்னாங்க. "அந்தக் கையைப் பாருங்கம்மா, அதுல மம்புட்டி பிடிக்க முடியுமா?"ன்னு கத்திட்டேன். பாவம், அவங்க என்ன செய்வாங்க.

மறுவாரம் ஆலைக்குப் போனோம். "முன்னாடி எழுதினது பொய்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க, மேலே அனுப்பிப் பார்க்கிறோம்"னுட்டாங்க. ஆலை கேட்டுப் பக்கத்துல, பழகினவங்க அத்தனை பேரும் பார்க்க, துண்டை எடுத்துட்டு இடது கையால எழுதினார். அந்தத் தா.பழூர் மாப்பிள்ளையோட சித்தப்பா இப்பத்தான் அங்க சூப்பர்வைசரா வந்திருக்கார். அவரும் நின்னு பார்த்துட்டு உள்ள போயிட்டார்.

பதில் இன்னும் வரல. கார்டு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்.

அன்னிக்கு ஆலையிலேருந்து திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அழுதுட்டேன். "என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேனே"ன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னார்: "நீ சொன்னதுக்காக எழுதல புள்ள. ஊனம்னு எழுத எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. பொண்ணு கல்யாணத்தைச் சாக்கா வச்சுக்கிட்டேன்."

ஒரு வாரமா தூங்காம என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன், அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்! கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஆனா அவரோட சண்டை போடக்கூட நான் உசுரோட இருக்கணுமே.