ஆட வேண்டிய புட்டிங்

நேற்று ஷார்ஜாவில் எங்கள் சமையலறை முழுக்கத் தேங்காய்ப்பாலும் பட்டைத்தூளும் கலந்த வாசம். மகள் பள்ளியில் பல நாட்டு உணவு நாளாம். "கரீபியன் புட்டிங் ஒண்ணு எனக்குத் தெரியும்" என்றேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. வெந்நீரையும் அடிப்பிடிக்க வைப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

அது எனக்குத் தெரியவந்த கதை இதுதான். ஷார்ஜா வருவதற்கு முன் கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை. குடும்பம் திருநெல்வேலியில். கம்பெனி கொடுத்த ஃப்ளாட்டில் என்னோடு இருந்தவன் ரஃபேல், போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரன். சைட்டில் எல்லோரும் எல்லோரையும் 'பாய்' என்றே கூப்பிடுவதால் அவனுக்கும் நான் பாய்தான்.

அவன் மனைவி நில்டா ஒரு மாத விசாவில் வருவதாக இருந்தது. "ஊர் பிடிச்சா இருக்கேன். பிடிக்கலைன்னா நீ கிளம்பி வா. அதுவும் முடியாதுன்னா ஆளுக்கொரு பக்கம் போயிடலாம்" என்று போனில் சொல்லியிருந்தாள். இதைச் சொல்லிவிட்டு ரஃபேல் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு யோசனையோடு வந்தான். அவள் வந்து இறங்கியதும் தெம்ப்ளெக்கே கொடுக்க வேண்டும். அவள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பண்டம். தேங்காய்ப்பால் புட்டிங். தட்டில் கவிழ்த்தால் நம் ஊர் டவுன் பஸ் ஜன்னல் மாதிரி நடுங்க வேண்டுமாம். பெயருக்கே அவர்கள் பாஷையில் அதுதான் அர்த்தம்.

"நீ தேங்காய் விளையிற ஊர்க்காரன். நீ இருக்கும்போது எனக்கென்ன பயம் பாய்?"

சட்னிக்குத் துருவிக் கொடுத்ததோடு என் தேங்காய் ஞானம் முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள்?

நில்டாவின் தங்கை சொன்ன செய்முறை எளிது. கெட்டித் தேங்காய்ப்பால், சோளமாவு, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, கொதித்துக் கெட்டியாகும் வரை கிண்டு. அச்சில் ஊற்று. ஃப்ரிட்ஜில் வை. இவ்வளவு எளிதாக இருந்ததே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. ஊருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, மொதப் பால மட்டும் கொதிக்க விட்டுராதீங்க, திரிஞ்சிரும். எறக்கி வச்சிட்டு ஊத்துங்க" என்றாள் என் மனைவி.

சொதியானாலும் பாயசமானாலும் அதுதானே சட்டம்? மாவை இரண்டாம் பாலில் காய்ச்சி, இறக்கி, முதல் பாலை மெதுவாக ஊற்றினேன்.

"தங்கச்சி இப்படிச் சொல்லலையே பாய்..."

"கலாஸ், பேச்சு முடிஞ்சுது. நீ பேசாம இரு."

நில்டா வந்தாள். ரஃபேல் இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி, தட்டில் அச்சைக் கவிழ்த்தான். புட்டிங் ஆடவில்லை. ஓடியது. தட்டைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, அவள் பாஸ்போர்ட் வரைக்கும் போனது.

"ஃப்ரிட்ஜ்ல கூலிங் பத்தலை போல" என்றேன்.

அவள் விரலால் தொட்டு நக்கினாள். "யாரு இதைக் கொதிக்க விடாதது?"

ரஃபேல் யோசிக்காமல் என்னைக் காட்டினான். முதல் பால் சட்டத்தை நான் விளக்கினேன். அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, மிச்ச அச்சுகளில் இருந்ததை எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டி, பயண உடுப்போடு அடுப்பின் முன் நின்றாள். அவள் கிண்ட, ரஃபேல் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, எனக்கு வேலை இல்லாததால் நான் பேசிக்கொண்டிருந்தேன். கொதி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திரியவில்லை. மாவு அதைத் தாங்கிக்கொண்டது.

கிண்டியபடியே அவள் ரஃபேலிடம் கேட்டாள். "காலையில எப்போ போவே?"

"விடியறதுக்கு முன்னால பஸ் வந்துடும்."

"திரும்பி?"

"இருட்டிடும்."

"வெள்ளிக்கிழமை?"

"சில வெள்ளி டியூட்டி இருக்கும்."

அவள் கரண்டி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எனக்கே அது அபூர்வம்.

மறுநாள் புட்டிங் அழகாக நடுங்கியது. அந்த மாதம் முழுக்க நல்ல சாப்பாடு, நல்ல சிரிப்பு. மாதம் முடிந்ததும் நில்டா போய்விட்டாள். ரஃபேல் சில மாதங்கள் தாக்குப்பிடித்தான். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல், "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன் பாய். அவகிட்டயே போறேன்" என்றான். கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். அன்று ராத்திரி அவன் மேல் கோபமாகவும் இருந்தது.

அந்த ஃப்ளாட்டைக் கம்பெனி பிறகு தனித்தனி அறைகளாகத் தடுத்து, ஆளுக்கொரு மின்னடுப்பு கொடுத்துவிட்டதாகக் கேள்வி. வசதிதான். ஒருத்தர் கிண்ட, ஒருத்தர் பாத்திரத்தைப் பிடிக்க, ஒன்றுக்கும் உதவாத ஒருத்தன் வாயடித்துக்கொண்டு நிற்பதற்கு அங்கே இப்போது இடம் கிடையாது.