அழகர் பச்சை பூசிய ரீல்

கடைசிக் காலத்தில் அழகரண்ணனிடம் பழைய தூண்டில் ரீல் கொண்டுவருகிறவர்கள் எரிச்சல்பட்டுக்கொண்டு போவார்கள். ரீலை வெளிச்சத்தில் திருப்பி, ஒவ்வொரு கீறலாகத் தொட்டுக் காட்டி, "இது யாரு போட்டது? தெரிஞ்சு போட்டதா, தெரியாம பட்டதா?" என்று கேட்பார். வந்த பெரிய மனிதர்களுக்கு அதற்கெல்லாம் பதில் தெரியாது. மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று என்னிடமே சிலர் சொன்னார்கள். நான் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னுடைய முச்சக்கர வண்டியில்தான் அவர் போய் வந்தார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த தோட்டத்தில் மரமோ செடியோ இல்லை, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் நடுவில் ஒரு குழாய். கடைசி வீடு அழகரண்ணனுடையது. அங்கே வேலை தொடங்கினால் பெயின்ட் கரைக்கிற தின்னர் நாற்றம் வரிசை முழுக்கப் பரவும். பெட்ரோல் நாற்றத்திலேயே கிடக்கிற எனக்கே தலை சுற்றும். குடிவந்த புதிதில் ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்க் கத்தினேன்.

"அழகரண்ணே, எங்கட பிள்ளைகளுக்கு மூச்சு விட ஏலாம ஈக்கிது. இந்த நாத்தம் உங்களுக்கு வெளங்கலியா?"

"மெய்யாவே வெளங்கலீங்க தம்பி" என்றார். "இருவது வருசமா தின்னர்ல கெடந்து மூக்கு செத்துப்போச்சு. கருவாடும் ஒண்ணுதான், மல்லிகப்பூவும் ஒண்ணுதான். உள்ள வந்து பாருங்க, அப்புறம் ஏசுங்க."

உள்ளே மேசையில் ஒரு ரீல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். எங்கேயோ ஒரு அலுமாரிக்குள் உப்புப் பூத்துக் கிடந்ததாம். கறுப்புப் பூச்சு பளபளவென்று நிற்க, பித்தளைத் திருகாணிகள் புதிதாக மின்னின. கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். கிர்ரென்று ஒரு சத்தம். நான் ஏச வந்ததை விட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் கொழும்புக்கு வந்து தெமட்டகொடையில் ஒரு கராஜில் காருக்குப் பெயின்ட் அடித்தார். எண்பத்து மூன்று கலவரத்தில் கராஜை எரித்தார்கள். முதலாளி இந்தியாவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு தெருவைப் பார்த்தபடி நின்று வேலை செய்கிற துணிவு இவருக்கு இல்லாமல் போனது. முன்பு இவரிடம் காருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்ட பறங்கிக்காரர் ஒருவர் தன் ரீலைக் கொண்டுவந்து, இதற்கும் பெயின்ட் அடிப்பாயா என்று கேட்டாராம். அப்படித் தொடங்கியது. கடலில் கால்கூட நனைக்காத மனுஷன், தூண்டிலைப் பிடிக்கத் தெரியாதவர், கொழும்பில் ரீல் வைத்திருந்த பணக்காரர்களுக்கெல்லாம் வேண்டியவரானார். அதைச் சொல்லி நான் நையாண்டி பண்ணுவேன். அவருக்குக் கோபமே வராது.

அவருடைய வேலையில் ஒரு பிடிவாதம் இருந்தது. ரீலைத் துண்டு துண்டாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார். பழைய பெயின்டை உரித்து, தண்ணீர் தொட்டுச் சொரசொரப்பான மட்டத்தாளால் தேய்ப்பார். பள்ளத்துக்கெல்லாம் புட்டிப் பசை வைத்து மறுபடியும் தேய்ப்பார். உடைந்த பிரிட்ஜின் மோட்டரில் தானே கட்டிய காற்றுப்பம்பால் பூச்சடித்து, சுட்டு எரிகிற பல்பின் கீழ் காய வைப்பார். பழைய காயம் ஒன்று தெரிந்தாலும் போதும், முழுக்க உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். "காயம் தெரிஞ்சா அது வேலையே இல்ல தம்பி" என்பார்.

அவருக்கும் அங்கம்மா அக்காவுக்கும் ஒரே பிள்ளை, சுந்தரலிங்கம். எங்களுக்கெல்லாம் லிங்கம். புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நின்றான். குழாயடியில் வரிசை பிடித்து நிற்கிற பெண்களை முந்தவிட்டுவிட்டு, தான் கடைசியில் நனைந்துகொண்டு வேலைக்கு ஓடுகிற பையன். தொண்ணூற்றெட்டில், கொழும்பில் குண்டு வெடித்த ஒரு வாரத்தில், அப்பா கொடுத்த ஒரு ரீலின் தேய்ந்த பல்லுச்சக்கரத்தை லேத்தில் வெட்டித் தரக் கொடுப்பதற்குத் தெமட்டகொடைக்குப் போனான். செக் பொயின்டில் பொலிஸ்காரர்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பல்லுச்சக்கரம், சுருள் ஸ்பிரிங், தின்னர் நாறுகிற கந்தைத் துணி. தூண்டில் ரீல் என்று சொல்லியிருக்கிறான். எந்தத் தூண்டில், எந்த மீன், நீ மீன் பிடிக்கிறவனா என்று கேட்டிருக்கிறார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் கண்டுவந்து சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும்.

பொலிஸ் நிலையத்தில் முதல் வாரம் அங்கம்மா அக்கா கொண்டுபோன சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டார்கள். பிறகு இங்கே இல்லை, வேறு இடத்துக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். எந்த இடம் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சோறு வாங்கிக்கொண்டவர்கள் பிள்ளையைக் காட்ட வேண்டாமா?

லிங்கத்தின் வேலைச் சட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. முந்தின நாள் கழற்றிப் போட்டது. அதை அக்கா துவைக்கவில்லை. பயணம் போனவர் போய்ச் சேருமுன் வீட்டைக் கூட்டிக் கழுவுவதும், அவர் உடுத்ததைத் தண்ணீரில் போடுவதும் அக்காவின் சனங்களுக்குள் ஆகாது. அப்படிச் செய்தால் போனவர் திரும்ப மாட்டார் என்று பயம். மற்றவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள். அக்காவுக்கு அது மாதக்கணக்காக நீண்டது. அடுத்த வீட்டு நாகேஸ்வரி, "சட்டை புளிச்சுப் போச்சு அக்கா, தாங்கோ, நான் தோய்ச்சுத் தாறன்" என்று கேட்டதற்கு, அக்கா அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. சில நேரம் அந்தச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த நாட்களில்தான் ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு நோனா, சிங்களப் பெரிய வீட்டு அம்மா, காரில் வந்தார். கையில் ஒரு பெரிய கடல் ரீல். பச்சைப் பூச்சு உதிர்ந்து, அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்திருந்தது. கணவர் பொலிஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் இராணுவத்தில் இருந்து வடக்கில் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே இறங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. முன்பு அப்பாவும் மகனும் மீன் பிடிக்கக் கடலுக்குப் போவார்களாம். அலுமாரிக்கு அடியில் கிடந்த ரீலை அவருக்குத் தெரியாமல் நோனா எடுத்து வந்திருக்கிறார்.

"புத்தம் புதுசா ஆக்கிக் கொடுங்க" என்று சிங்களத்தில் சொன்னார். "கையில் வாங்கினதும் எழும்பி நடப்பார்."

அங்கம்மா அக்கா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டார். நோனா பதறிப்போய்க் குனிந்து தூக்கினார். எல்லாவற்றையும் கேட்டார். "அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரீலைக் கொடுக்கும்போது நானே கேட்கிறேன்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை.

அழகரண்ணன் அதுபோல ஒரு வேலையை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை. ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது ரீலின் பக்கத் தகட்டை என்னிடம் நீட்டினார். விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன வெட்டுகள்.

"பாருங்க தம்பி, எவனோ வேல தெரியாதவென் அரத்த வச்சுக் கொதறியிருக்கான். மேலால இருக்கிறத தேய்ச்சு எடுத்துட்டேன். ஆழமானதுக்குப் புட்டி போடணும்."

அந்த விளிம்பை அவர் எத்தனை தடவை தேய்த்தாரோ தெரியாது. முடிந்தபோது கண்ணைக் கட்டிவிட்டுத் தடவினாலும் ஒரு பள்ளம் அகப்படாது. பச்சை, கடையில் வாங்கின நாளில்கூட அவ்வளவு அழகாக இருந்திருக்காது.

கொடுக்கப்போன காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறும்போது அங்கம்மா அக்கா வாசலில் நின்றார்.

"இன்னிக்கு லிங்கத்தக் கையோட கூட்டியாந்துருவேன் புள்ள" என்றார் அழகரண்ணன்.

வழியில் மூன்று செக் பொயின்டுகளில் இறக்கி ஏற்றினார்கள். ரீலைத் துண்டுகளாகக் கொண்டுபோகாமல் முழுதாகப் பூட்டி, பூசைப் பொருள் மாதிரி மடியில் வைத்திருந்தார். நான் இருந்தால் சிங்களத்தில் சமாளிக்கலாம் என்று நோனா வீட்டுக்குள்ளும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் என்னைவிட நன்றாகச் சிங்களம் கதைப்பார். பயம், வேறென்ன?

நோனாவின் கணவர், நாங்கள் சொல்கிற மாத்தயா, சாறமும் பெனியனுமாக நாற்காலியில் இருந்தார். சுவரில் சீருடையோடு மகனின் படம், முன்னால் விளக்கு. நோனா ரீலை அவர் மடியில் வைத்தார். மனுஷன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்தார். நோனாவின் முகம் மலர்ந்தது. மாத்தயாவின் பெருவிரல் தகட்டின் விளிம்பில் போனது. ஒரு சுற்று போய் வந்தது. மறுபடியும் போனது. பிறகு தகட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் தடவினார்.

"வெட்டுகள் எங்கே?" என்றார்.

"என்ன வெட்டு?" என்று நோனா கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது கடலில், படகில், அப்பனும் மகனும் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. நல்ல மீன் ஒன்று அகப்பட்டால் மகன் அரத்தை எடுத்து விளிம்பில் ஒரு வெட்டுப் போடுவான். சின்னப் பையனாக இருந்ததிலிருந்து படைக்குப் போகும் வரை போட்டது. மாத்தயா அதைச் சத்தமில்லாமல் சொல்லிவிட்டு ரீலை மேசையில் வைத்தார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அழகரண்ணன் முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். "குடுங்க மாத்தயா. ஆழமா போட்டது உள்ளுக்குத்தான் இருக்கு. நான் எடுத்துத் தாறேன்" என்று சிங்களத்தில் கெஞ்சினார். நோனாவின் தையல் பெட்டியிலிருந்து தடித்த ஊசி ஒன்று வாங்கிக்கொண்டார். தரையில் இருந்தபடி, தன் வாழ்நாளிலேயே சிறந்த பூச்சைத் தானே கீறத் தொடங்கினார். பச்சை செதில் செதிலாக உதிர்ந்தது. புட்டியைக் குத்தி எடுத்து ஊதினார். ஒரு வெட்டுத் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. மாத்தயா நாற்காலியை விட்டு இறங்கி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். திறந்த ஒவ்வொரு வெட்டிலும் நகத்தை வைத்துப் பார்த்தார்.

"முதலாவது இந்த இடத்தில்" என்று கைப்பிடிப் பக்கம் காட்டினார் மாத்தயா. "ஏழு வயசு. அழுத்திப் போடக் கை பலம் இல்லை."

அழகரண்ணன் அந்த இடத்தைச் சுரண்டினார். வெறும் உலோகம்தான் வந்தது. மட்டத்தாள் அதைத் தின்று முடித்திருந்தது. அரம் இருந்தால் அதே இடத்தில் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றார். மாத்தயா தலையசைத்தார்.

"வேண்டாம். அது அவன் போட்டதாக இருக்காது."

நாங்கள் எழும்பினோம். இனிக் கேட்க என்ன வாய் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நோனாதான் கேட்டார். அழுதுகொண்டே லிங்கத்தின் கதையைச் சொன்னார். மாத்தயா எழும்பிப்போய்த் தொலைபேசியை எடுத்தார். மகன் செத்தபிறகு அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று நோனா என்னிடம் மெதுவாகச் சொன்னார். மாத்தயா லிங்கத்தின் பெயரைச் சொன்னார், பிடித்த இடத்தைச் சொன்னார். குரல் பழைய அதிகாரத்தோடு வந்தது. ஒரு இடம், இன்னொரு இடம், அதற்கு மேலே ஒருவர். கடைசியில் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"அந்தப் பெயரில் யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறார்கள். எங்கேயும் இல்லையாம்."

"சோறு வாங்கினாங்களே மாத்தயா" என்றார் அழகரண்ணன்.

மாத்தயா ரீலைக் கையில் எடுத்தார். "அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டார்.

பிணத்தை அடையாளம் காணத்தான் பொலிஸ்காரன் சட்டையைக் கேட்பான் என்று கொழும்பில் வாழ்ந்த எங்களுக்குத் தெரியும். அழகரண்ணன் நீலக் கோடு போட்ட சட்டை என்று ஒழுங்காகப் பதில் சொன்னார்.

"வீட்டில் அவனுடையது என்ன இருக்கு?"

"வேலச் சட்ட ஒண்ணு இருக்கு. அவன் அம்மா தொவைக்காம வச்சிருக்கு."

மாத்தயா ரீலை நெஞ்சோடு பிடித்திருந்தார். "அதை அப்படியே வை. யாரையும் தொட விடாதே" என்றார்.

வரும் வழியில் அழகரண்ணன் வெறும் மடியில் கையை வைத்துக்கொண்டு வந்தார். நகக்கண்ணில் பச்சைத் தூள் இருந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வண்டியைத்தான் ஒழுங்காக ஓட்ட வேண்டும்.

தோட்டத்துக்குள் திரும்பியபோது அங்கம்மா அக்கா குழாயடியில் இருந்தார். வண்டியைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழும்பி, எங்களைப் பார்க்காமல் பின் சீட்டைக் குனிந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. குழாயின் கீழ் இருந்த பேசினில் சவர்க்கார நுரைக்குள் லிங்கத்தின் சட்டை கிடந்தது.

"ஏன் புள்ள தொவச்ச?" என்றார் அழகரண்ணன்.

"நீங்கதானே கையோட கூட்டியாறேன்னு சொன்னீங்க. வந்ததும் மாத்த வேணாமா?" என்றார் அக்கா. சொல்லி முடிக்கும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

அழகரண்ணன் சட்டையைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். பிழியவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க நனைய அதை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு மூக்கு இல்ல. நீங்க மோந்து பாருங்க. அவென் வாசம் கொஞ்சமாச்சும் இருக்கா?"

நான் முகத்தை வைத்துப் பார்த்தேன். சவர்க்காரம் மட்டும்தான் மணத்தது.

"ஈக்கிது, அண்ணே" என்றேன்.