குருநகரில் நோவாவின் மனைவி

சனிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்குக் கொக்குவிலில் முச்சக்கர வண்டி பிடித்தேன். குருநகருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். எண்ணூறு ரூபாய் கேட்டார் ஓட்டுநர். திருச்சிக்காரி பேரம் பேசாமல் ஏறுவாளா? எழுநூறுக்கு இறங்கி வந்தார்.

"கோயிலடிக்கோ அம்மா?"

"ஓம், நாடகம் வாசிக்க." யாழ்ப்பாணம் வந்த இரண்டே நாளில், 'ஆமாம்' போய் 'ஓம்' எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"வாசிக்கவோ? ஆட்டம் இல்லையோ? பாட்டும் இல்லையோ? அப்ப பின்னை என்னத்துக்கு நாடகம்?"

நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன் தச்சரும் மீனவரும் பைபிள் கதைகளைத் தெருவில் நடித்தார்கள். முப்பது வருடம் கல்லூரியில் அவற்றைப் பாடம் நடத்திய நான், ஓய்வு பெற்றதும், பெருவெள்ளத்துக்குத் தப்பக் கடவுள் சொற்படி பேழை என்னும் கப்பல் கட்டிய நோவாவின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கினேன். கடல் தெரிந்தவர்கள் வாயில் அதைக் கேட்க ஆசை. குருநகரில் ஆசிரியையாக இருக்கும் தோழி வசந்தி, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் ஒன்பது பேரைக் கூட்டியிருந்தாள்.

மூன்று மணிக்கு வாசலிலேயே என்னைத் தனியே இழுத்தாள். நோவாவாக வாசிக்கப்போகிறவர் மரியதாஸ், நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நோவாவின் மனைவியாக வாசிப்பவர் அவருடைய மனைவி றீற்றா. பிரான்ஸிலிருக்கும் மகன், பேரக்குழந்தையைப் பார்க்க வந்து தங்கும்படி இருவரையும் அழைக்கிறான், விசா வந்துவிட்டது. அவர் புறப்படத் தயார். அவள் மாட்டேன் என்கிறாள். வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சில்லை.

"தெரிந்துதான் இந்தப் பாத்திரங்களைக் கொடுத்தாயா?"

"ஓம். வீட்டிலை கதைக்காததுகள் இஞ்சையாவது கதைக்கட்டும்" என்றாள் வசந்தி.

முதல் பக்கத்திலேயே வாசிப்பு நின்றது. பேழையின் நீளம் முந்நூறு முழம் என்று படித்த மரியதாஸ் தாளை இறக்கினார்.

"சுக்கானும் இல்லை, நங்கூரமும் இல்லை. இவர் ஆரை நம்பிக் கடலிலை இறங்கினவர்?"

"கடவுளை நம்பித்தான்" என்றேன்.

"அப்ப சரி."

அடுத்து 'மனைவியே, பேழையில் ஏறு' என்ற என் வரி. அவர் சிரித்தே விட்டார். "மனைவியேயோ? ஆரும் பெண்சாதியை இப்பிடிக் கூப்பிடுவினமோ? 'இஞ்சாரும்' எண்டு போடுங்கோ."

போட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளரின் மானம் கப்பலேறியது.

நாடகத்தில் நோவா மூன்று முறை அழைப்பார். தன் தோழிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் மறுப்பாள். கடைசியில் பிள்ளைகள் அவளைத் தூக்கி ஏற்றுவார்கள். என் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது.

"இஞ்சாரும், ஏறும்" என்றார் மரியதாஸ்.

"என்ரை சிநேகிதியளை விட்டிட்டு நான் வரமாட்டன்" என்று வாசித்தாள் றீற்றா. அந்தச் சிநேகிதிகள் அவளுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் தாளைப் பார்க்கவில்லை.

"அங்கை வெள்ளம் வந்தது, அவள் ஏறினாள். இஞ்சை வெள்ளம் எங்கை? நான் ஏன் ஏற வேணும்?"

ஊரார் வீட்டுச் சண்டைக்கு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று தோன்றியது.

மரியதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் ஏறாட்டி நானும் ஏறமாட்டன்."

"அப்ப அந்த ஆடு மாடுகளின்ரை கதி?" என்றார் மூலையிலிருந்து ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

"பேரப்பிள்ளையைப் பாக்கிறேல்லையோ?" என்று கேட்டாள் றீற்றா.

"பாக்க ஆசைதான். தூக்கி வைச்சிருக்க ஆசை. ஆனா உம்மை விட்டிட்டுப் போய் அங்கை எனக்கு என்ன வேலை?"

"இதை ஒருக்காலும் சொல்லேல்லையே. 'வெளிக்கிடு, வெளிக்கிடு' எண்டுதானே நிண்டனீங்கள்." பிறகு தாளை எடுத்து வரியைத் தேடினாள். தேடியது அதில் இல்லை. "சரி, ஏறுறன். ஆறு மாதம்தான். வெள்ளம் வத்தின உடனை அவையும் இறங்கினவைதானே?"

ஞாயிறு காலை ரயிலில் மூலத்தை மறுபடி புரட்டினேன். நோவா மிரட்டுகிறான், திட்டுகிறான், கடவுளைச் சாட்சிக்கு இழுக்கிறான். நீ இல்லாமல் நான் போகமாட்டேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. முப்பது வருடம் நோவாவின் மனைவியைப் பிடிவாதக்காரி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வெட்கமாக இருந்தது. ரயில் யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தாண்டுவதற்குள் என் தமிழில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். மூலத்தில் இல்லையே என்று வாதாட வருகிறவர்கள், முதலில் றீற்றாவிடம் போய்ப் பேசட்டும்.