காட்ட ஆளில்லாத இரண்டு கடிதங்கள்

இந்த மலாய் நாட்டு ஊரில் நான் கிட்டப் போனால் பெண்களின் கைகள் மெதுவாகிவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குள் நான் நுழைந்ததும், நுண்ணோக்கியில் கண் வைத்து மின்னணுச் சில்லுகளில் கம்பி இணைத்துக்கொண்டிருக்கும் எண்பது பேரும் தலை நிமிராமலே வேகத்தைக் குறைப்பார்கள். பேச்சும் நின்றுவிடும். எல்லாம் என் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்ச் செய்கிற வேலை. ஒரு வேலைக்கு எத்தனை விநாடி என்று அளந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு முடிக்கவேண்டும் என்று கணக்குச் சொல்வதுதான் தொழில்துறைப் பொறியியல் படித்த என் உத்தியோகம். கை வேகமாக ஓடினால் நாளைக்கு இலக்கு ஏறும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் எண்பது பேர் நடுவில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஒருவரோடும் பேசாமல் வாடகை அறைக்குத் திரும்புவது எனக்கு இன்னும் பழகவில்லை.

தொடக்கத்தில் காரியத்தைக் கெடுத்தவளும் நான்தான். வந்த முதல் மாதம், பாலிக் புலாவிலிருந்து வேலைக்கு வரும் ரோஹானி என்ற மலாய்ப் பெண் ஒரு டப்பாவில் ஜாதிக்காய் ஊறுகாய் கொண்டுவந்து, “மாக்கான் லா, மிஸ்” என்று நீட்டினாள். சாப்பிடச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அளக்கிறவர் அளக்கப்படுகிறவரிடம் எதையும் வாங்கக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் படித்ததை வேதவாக்காக நினைத்திருந்த காலம் அது. சிரித்தபடி வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டு போனாள். ஆறு மாதம் கழித்துத்தான், லைன் லீடர் லெட்சுமி அக்கா சொன்னார். “மலாய்க்காரங்க கையால சாப்பிட மாட்டாங்களோ இந்த சிலோன் மிஸ்னு பேசிக்கிட்டாங்க லா.” வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவ்வளவு நாள் கழித்து விளக்கப் போனால் இன்னும் கேவலமாகும் என்று விட்டுவிட்டேன்.

இப்படியிருக்கையில்தான் கலாநிதி, அதாவது டாக்டர் பட்டப்படிப்புக்கு இரண்டு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதங்கள் வந்தன. ஒன்று லண்டனிலிருந்து, மற்றது அமெரிக்காவின் நடுப்பகுதியில் நான் கேள்விப்பட்டேயிராத ஓர் ஊரிலிருந்து. யாழ்ப்பாணத்தில் எனக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்த நாளை நினைத்துக்கொண்டேன். உறையின் பருமனைப் பார்த்தே தபால்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாசல் படலையில் நின்று சைக்கிள் மணியை அடித்து ஒழுங்கைச் சனத்தையே கூட்டிவிட்டார். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து கடிதத்தை நனைத்துவிட்டா. ஓர் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த நாட்கள். தெரிவு என்ற பேச்சே இல்லை. இப்போது இரண்டு கிடைத்திருக்கிறது, காட்ட ஓர் ஆளில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நான் இங்கே வந்தேன். அம்மா ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு லண்டனில் அண்ணாவிடம் போய்விட்டா.

ஆக, லண்டன் என்றால் அம்மா. ஆனால் அங்கே கிடைத்திருப்பது இயந்திரங்களை எந்த ஒழுங்கில் ஓட்டினால் நேரம் மிஞ்சும் என்ற ஆராய்ச்சி. அமெரிக்கக் கடிதத்தின் அடியில் பேராசிரியர் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்: “விண்ணப்பத்தில் நீங்கள் சொன்ன அந்த நடையைப் பற்றி அறிய ஆவல். அதையே ஆராயலாம்.” எங்கள் தொழிற்சாலைக் கூடத்தில் கழிப்பறை மறுகோடியில் இருக்கிறது. போய்வர ஆகும் நேரம் கணக்கில் இல்லை. அதை நான் அளந்து, மேலாளருக்குச் சொல்லாமல், ஒவ்வொருவர் நேரத்திலும் சேர்த்திருந்தேன். அந்தக் கதையைத்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்.

படித்த பாவத்துக்கு அட்டவணை போட்டு இரண்டுக்கும் புள்ளி கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் லண்டன் வென்றது. ஒவ்வொரு தடவையும் நான் புள்ளிகளை மாற்றினேன். நான்காம் தரம் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடிதங்களைச் சாப்பாட்டு நேரத்தில் லெட்சுமி அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க போயிட்டா யாரு மிஸ் வருவா? வர்றவன் டாய்லெட் டைம் கொடுப்பானா?”

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்க சும்மாவே ரெண்டு தடவ அங்க நடந்து போயிட்டு வந்தீங்கள்ல? ரோஹானி பாத்துட்டா. மறுவாரமே டார்கெட் கொறஞ்சிருச்சு. லைன்ல எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா மேல தெரிஞ்சிரும்ல? அப்புறம் அதையும் எடுத்துருவாங்க.” பிறகு கேட்டார், “லண்டன்ல என்னா படிப்பு?”

“மெஷினைப் பற்றி.”

“அமெரிக்காவுல?”

“இந்த நடையைப் பற்றி.”

“அப்ப அதான் படிங்க லா. மெஷினுக்கு ஒண்ணுக்கு வராது.”

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. நான் வெறுப்பு என்று நினைத்திருந்த மௌனத்துக்குள் எனக்கும் ஓர் இடம் இருந்திருக்கிறது, நான் போகிற நேரத்தில்தான் அது தெரியவருகிறது. அன்று மாலையே ரோஹானியிடம் போய், அந்த ஊறுகாயை மனதில் வைத்து, தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டாள்.

அமெரிக்காவுக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் சித்திரை வருஷப்பிறப்புக்கு மறுநாள். வருஷப்பிறப்பன்று லீவு போட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, ஜோர்ஜ் டவுன் தந்தி அலுவலகத்துக்குப் போனேன். முதலில் அமெரிக்காவுக்கு, ‘வருகிறேன்’ என்று தந்தி அடித்தேன். அதற்குப் பிறகுதான் லண்டனுக்குத் தொலைபேசி. அம்மாவின் குரலைக் கேட்டால் மாறிவிடுவேன் என்ற பயம்.

“கோயிலுக்குப் போனியே, பிள்ளை?”

“ஓம் அம்மா.” அமெரிக்கா போகும் முடிவையும் சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில்.

“அண்ணா உனக்கெண்டு மேலறைக்குப் பெயின்ற் அடிச்சுப்போட்டான்,” என்றா. பிறகு, “அங்க ஆர் இருக்கினம் உனக்கு?”

“ஒருத்தரும் இல்லை அம்மா.”

“இங்க நான் இருக்கிறன்.”

அம்மாவே தொடர்ந்தா. “சரி, விருப்பமானதைப் படி. முடிச்சாப் பிறகு எங்க வருவாய்?”

“நீங்கள் இருக்கிற இடத்துக்கு,” என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

“எந்த இடத்துக்கு? நானே இன்னும் சூட்கேஸில இருந்து உடுப்பை எடுத்து அடுக்கேல்லை, பிள்ளை.”

அம்மா லண்டனுக்குப் போய் மூன்று வருஷமாகிறது.