மாமாவின் தனிச் சட்டி

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மனையியல் டீச்சராக இருந்தேன். வீடு கடலூரில், தினமும் பஸ்தான். அன்றாடம் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன வழிகாட்டுதல்களைப் பெரிய அட்டையில் எழுதி, கலர் அடித்து வகுப்பில் மாட்டியிருந்தேன். உப்பை நோயாளி மட்டுமல்ல, வீட்டில் எல்லோருமே குறைக்க வேண்டும் என்பது அதில் ஒரு வரி. அதை ஒப்பிக்காத பிள்ளையை உட்கார விடமாட்டேன்.

2006-இல் என் மாமனாருக்கு பிரஷர் வந்தது. உப்பு, ஊறுகாய், கருவாடு எதுவும் கூடாது என்றார் டாக்டர். மறுநாளே அவருக்கென்று ஒரு சின்னச் சட்டி வாங்கிவிட்டேன். எங்கள் வீடுகளில் நோயாளியைக் கவனிப்பது என்றால் அதுதான். குழம்பில் உப்பும் நெத்திலிக் கருவாடும் போடுவதற்கு முன் அவர் பங்கைச் சட்டியில் எடுத்து வைத்துவிடுவேன்.

வீடே கருவாட்டு வாசனையில் மணக்கும்போது அந்தச் சப்பென்ற குழம்பை அவர் எப்படி விழுங்குவார்? கொஞ்ச நாளில் எங்களுக்கு முன்பே தனியாகச் சாப்பிட்டு எழுந்துவிட ஆரம்பித்தார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்கு வைக்கிறதையே எல்லாருக்கும் வையேம்மா. ஒண்ணா ஒக்காந்தா ரெண்டு வாய் ஜாஸ்தி எறங்கும்."

"பசங்க தொட மாட்டாங்க மாமா. உங்களுக்குத்தானே பிரஷரு?"

அட்டை எழுதியவள் சொன்ன பதில் இது.

பிறகு ஒருநாள் துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் காலி ஊறுகாய் பாக்கெட்டுகள் கிடந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்த வயசுல நாக்கு கேக்குதா?" என்று பேரப்பிள்ளைகள் முன்னாலேயே கத்தித் தீர்த்தேன். அன்றிலிருந்து அந்தச் சட்டியை அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். இரண்டு வருஷத்தில் பக்கவாதம் வந்து இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஊறுகாயைத்தான் குற்றம் சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2012-இல் எனக்கே பிரஷர் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் பரணிலிருந்து அந்தச் சட்டியை எடுத்து, தூசி தட்டிக் கழுவினாள்.

"கவலப்படாதம்மா. தாத்தாவுக்குச் செஞ்ச மாதிரியே உனக்கும் தனியா வெச்சிடுறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வைப்பதையே எல்லோருக்கும் வையேன் என்று கேட்க வாயெடுத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?