சவரிநாதன் வீட்டு நாற்பது மாவுப்பூச்சிகள்

மாவில் பூச்சி விழுந்தால் ஊரே மூக்கைச் சுளிக்கும். பாலக்கரை சவரிநாதனோ பூச்சிக்காகவே மாவு வாங்கியவர். முப்பது ஆண்டுகளாகக் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர்.

கடைசியாக அவர் வளர்த்தவை டெல்பின் என்ற ஆராய்ச்சி மாணவியின் நாற்பது பூச்சிகள். உடம்பில் எந்த உறுப்பு எங்கே முளைக்க வேண்டும் என்று உத்தரவு போடும் மரபணுக்கள் ஒரே குடும்பமாம். ஆதியில் ஒன்றாக இருந்தது நகலெடுத்து நகலெடுத்துப் பெருகியதாம். பழ ஈயிடம் அந்தக் குடும்பம் பாகம் பிரிந்துவிட்டது. மாவுப்பூச்சியிடம் இன்னும் கூட்டுக்குடும்பம். தலைக்கு உரியவர் முன்னே, வயிற்றுக்கு உரியவர் பின்னே என்று வரிசை குலையவில்லை. இந்த நாற்பதில் மட்டும் குடும்பத்தில் ஒருவர் உத்தரவை மாற்றிப் போட்டதால், வாயோரத்தில் கால் மாதிரி ஒன்று நீண்டிருந்தது. மூன்று வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய வம்சம். இது போனால் டெல்பினின் ஆய்வேடும் போச்சு.

பெரிய வெள்ளியன்று ஆய்வகத்தில் மின்சாரம் இல்லை; பூச்சிகளை ஒரே சூட்டில் வைத்திருக்கும் பெட்டி நின்றுவிட்டது. சவரிநாதன் பூச்சிகள் இருந்த மாவு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களை அலமாரியில் வைத்தார். மனைவி லிசியிடம் சொல்லவில்லை. பூச்சிக்கு அடுக்களையில் இடம் கேட்கும் துணிச்சல் விஞ்ஞானத்துக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் லிசி பாட்டிலைத் திறந்தார். திருச்சியில் எந்த வீட்டுக்காரியும் செய்வதையே செய்தார்: மொட்டைமாடியில் சாக்கை விரித்து, மாவைக் கொட்டி, வெயிலில் பரப்பினார்.

திரும்பி வந்தவர் விஷயம் கேட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. அந்தப் பிள்ளையின் மூன்று வருஷம் என்று மட்டும் முனகினார்.

இருவரும் மேலே ஓடினார்கள். மாவில் ஒரு பூச்சிகூட இல்லை. லிசி முழந்தாளிட்டுச் சாக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கினார்.

“வெயில் பட்டா நிழலுக்குத்தாங்க ஓடும். எத்தனை வருஷமா விரட்டுறேன், எனக்குத் தெரியாதா?”

அடியில் கூட்டமாக ஒண்டியிருந்தன. இரண்டு நரைத்த தலைகள் ஒன்றோடொன்று முட்ட, பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக ஏந்திப் பாட்டிலில் விட்டார்கள். டெல்பின் வந்து எண்ணினாள். முப்பத்தாறு. லிசி மீதி நாலுக்காக இன்னும் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“போதும்க்கா, எழுந்திரிங்க. ஒரு ஜோடி இருந்தாலே வம்சம் வந்துடும்” என்றாள் டெல்பின்.

இப்போது திங்கட்கிழமைதோறும் ஆய்வகத்துப் பூச்சிகளுக்கு மாவு லிசி வீட்டிலிருந்துதான் போகிறது. வெயிலில் காயவைத்து, இரண்டு தடவை சலித்துக் கொடுத்தனுப்புகிறார். அந்தப் பிள்ளைகள் சாப்பிடும் மாவில் பூச்சி இருக்கக் கூடாதாம்.